மலையில் ரீபூட், போடியில் நலம்

இப்படி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அறையில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். கூலிக் கணக்கு, எடைக் கணக்கு, உரம் மருந்து வாங்கிய பில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பத்து நாளாக அது திடீர் திடீரென்று தானே ரீஸ்டார்ட் ஆகிறது. சிபியூவை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, ஜீப்பில் ஏற்றி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போடிக்குக் கொண்டு வருகிறார்கள். கடையில் மாட்டினால் அருமையாக ஓடுகிறது. மறுநாளும் ஓடுகிறது. "ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு. வேணும்னா எஸ்எம்பிஎஸ் மாத்திப் பாக்கலாம்." மாற்றுகிறார்கள். மேலே கொண்டுபோய் மாட்டினால் அன்று ராத்திரியே மறுபடியும் ரீபூட்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடையில் ஓடியதும் உண்மை, மலையில் ஓடாததும் உண்மை. விமானப் பராமரிப்பு மாதிரி பெரிய துறைகளிலேயே இதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டு: "பழுது காணப்படவில்லை." பறக்கும்போது கோளாறு காட்டிய கருவி, கழற்றி மேஜையில் வைத்துச் சோதித்தால் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். ஏன் என்று யோசித்தால் ஒரு விஷயம் புரியும். தானே அணைந்து எழும் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள் மட்டும் இருப்பதில்லை. பெட்டிக்கும் அது இருக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெட்டியை இடம் மாற்றினால் கோளாறில் பாதி பின்தங்கிவிடுகிறது.

அப்படி மேலேயே தங்கிப்போனவை எவை என்று எண்ணிப் பாருங்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட், யுபிஎஸ், பவர் கேபிள், எர்த், சாயங்கால லோ வோல்டேஜ், அறையின் ஈரம். இவை ஒன்றுமே ஜீப்பில் வரவில்லை. போதாததற்கு, வளைவுக்கு வளைவு குலுங்கி வந்ததில் சரியாக உட்காராமல் இருந்த ரேம் ஒருவேளை தானாகவே நன்றாக உட்கார்ந்திருக்கும். கீழே வெயிலில் உள்ளே இருந்த ஈரமும் காய்ந்திருக்கும். ஆக, கடைக்கு வந்தது மேலே இருந்த அதே கம்ப்யூட்டர் அல்ல.

அதனால் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒன்றுதான்: பெட்டியைக் கீழே இறக்குவதற்கு முன்பே, அது இருக்கும் இடத்திலேயே செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. பொறுமைதான் செலவு.

எல்லாவற்றுக்கும் முன்னால்

கம்ப்யூட்டர் ஓடுகிற ஏதோ ஒரு நேரத்தில் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுபட்டால் அந்தக் கோப்பு பாதியில் நிற்கும். கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் ஒருமுறை அப்படி உடைந்தால், 800 ரூபாய் ரேமுக்காக ஒரு வருஷக் கணக்கைத் தொலைத்த கதையாகிவிடும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏல மையங்களில் ஏலக்காய் ஏலமே இப்போது கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது. தோட்டத்துக் கணக்கும் வியாபாரக் கணக்கும் அதே வழியில் வந்துவிட்டன. பெட்டி போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால் யாரிடம் வாங்குவது?

காப்பி எடுத்து முடிக்கும்வரை கீழே சொல்லும் எந்தச் சோதனையையும் ஆரம்பிக்க வேண்டாம்.

ரீபூட் செய்தது யார்?

கம்ப்யூட்டர் "தானாக" ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு காவல்காரர் எடுத்த முடிவு அது. மொத்தம் நான்கு பேர்.

முதல் ஆள் எஸ்எம்பிஎஸ். தான் தரும் 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் ஒழுங்காக இருக்கும்வரை சாம்பல் நிற ஒயர் ஒன்றில் "எல்லாம் சரி" என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிக்னல் ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு உடனே ரீசெட் ஆகும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

இரண்டாவது ஆள் பிராசஸர். சூடு எல்லை மீறும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைத்துவிடும். இங்கே ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது: சூட்டால் அணையும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், தானாகத் திரும்ப எழாது. உடனே ஆன் செய்தால் சில நிமிஷத்தில் மறுபடி அணையும். அரை மணி ஆறவிட்டால் நன்றாக ஓடும்.

மூன்றாவது ஆள் விண்டோஸ். ரேம், டிஸ்க், டிரைவர் ஆகியவற்றில் பெரிய கோளாறு கண்டால் நீலத் திரை காட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யும். பல சமயம் நீலத் திரை கண்ணுக்குத் தெரிவதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

நான்காவது, முன்பக்க ரீசெட் பட்டன். அது உள்ளே சிக்கிக்கொண்டாலோ, ஒயர் தேய்ந்து ஷார்ட் ஆனாலோ, யாரோ விடாமல் அமுக்குவது மாதிரிதான்.

இந்த நாலு பேரில் யார் என்று கண்டுபிடிக்க விண்டோஸிலேயே ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில் பாருங்கள். "கெர்னல்-பவர் 41" என்று ஒரு பதிவு இருக்கும். போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று, மறுபடி எழுந்த பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. பலர் இதைப் பார்த்துவிட்டு "கெர்னல் பவர் எரர், எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்தக் காரணத்தால் திடீரென அணைந்தாலும் இதே 41தான் வரும். அந்தப் பதிவின் விவரப் பகுதிக்குள் "பக்செக் கோடு" என்று ஒரு எண் இருக்கும், அதுதான் முக்கியம். அது பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கு ஒன்றும் தெரியாது, காலுக்குக் கீழே தரையை யாரோ இழுத்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது கரண்ட், எஸ்எம்பிஎஸ், சூடு, ரீசெட் பட்டன் பக்கம் போங்கள். பூஜ்யம் அல்லாத எண் என்றால் விண்டோஸே எடுத்த முடிவு. ரேம், டிஸ்க், டிரைவர் பக்கம் போகலாம். "வீயா லாகர்" என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் பிராசஸரோ மதர்போர்டோ தன் குறையைத் தானே சொல்கிறது.

கூடவே, சிஸ்டம் அமைப்புகளில் "தானாக ரீஸ்டார்ட் செய்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத் திரை வந்தால் நின்று கொண்டிருக்கும். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இன்னும் எளிது. கம்ப்யூட்டரை ஆன் செய்து, விண்டோஸுக்குள் போகாமல் பயாஸ் திரையிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். அங்கேயும் ரீபூட் ஆனால் விண்டோஸ், வைரஸ், டிரைவர், ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் எல்லாம் ஒரே அடியில் நிரபராதி. அங்கே ஆகவில்லை என்றால் பென் டிரைவில் லினக்ஸ் ஒன்றைப் போட்டு, அதிலிருந்தே பூட் செய்து ஒருநாள் ஓட்டுங்கள். லினக்ஸிலும் ரீபூட் ஆனால் ஹார்டுவேர்தான். ஆகாவிட்டால் விண்டோஸ் மேலும் டிஸ்க் மேலும் சந்தேகத்தைத் திருப்பலாம்.

கரண்ட்: 16 மில்லி விநாடிக் கணக்கு

மலைச்சரிவில் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான் விழவேண்டும். காரணத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

நம் ஊர்க் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. கரண்ட் ஒரு கணம் அறுபட்டால் எஸ்எம்பிஎஸ் உடனே சாய்ந்துவிடாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரத்தில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஏடிஎக்ஸ் தரத்தில் அந்தத் தாக்குப்பிடிப்பு சுமார் 16, 17 மில்லி விநாடி. அதாவது ஒரு சுற்றுக்கும் குறைவு. பல்பு சிமிட்டியது நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் கம்ப்யூட்டருக்கு எல்லாம் முடிந்துவிடும்.

லோ வோல்டேஜ் வந்தால் என்ன ஆகும்? கெப்பாசிட்டரில் சேரும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 100 பங்கு சேர்ந்தால் 180 வோல்ட்டில் 61 பங்குதான். அதையும் முழுசாகப் பயன்படுத்த முடியாது, ஒரு அளவுக்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ் நின்றுவிடும். அந்த அளவு 160 வோல்ட்டுக்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 230ல் கிடைக்கும் தாக்குப்பிடிப்பில் நாலில் ஒரு பங்குதான் 180ல் மிஞ்சும். 16 மில்லி விநாடி 4 ஆகிவிடுகிறது. நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில், பக்கத்துப் பம்பு மோட்டாரோ ஸ்டோரின் புளோயரோ ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இன்னும் ஒரு குத்து விழும். லைட் கொஞ்சம் மங்கி எழும். கம்ப்யூட்டர் ரீபூட். போடிக் கடைவீதியில் 230 வோல்ட்டில் அதே எஸ்எம்பிஎஸ் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓடும்.

ஆகவே சாயங்காலம் 6 மணியிலிருந்து 10 மணி வரை, அரை மணிக்கு ஒருதரம் பிளக் பாயின்டில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைக் குறித்து வையுங்கள். ஏசி வோல்ட் அளக்கும் நிலையில் மீட்டரைத் திருப்பியிருக்கிறீர்களா என்று இரண்டுமுறை பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்து அளப்பது நல்லது. தாழ்அழுத்த இணைப்புக்கு 6 சதவீத ஏற்ற இறக்கம் என்பது நம் மின்விதிகளில் நீண்டகாலமாக இருக்கும் வரம்பு. அதன்படி 216லிருந்து 244 வரை இருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இன்புட் வோல்டேஜ் எவ்வளவு என்று போட்டிருக்கும். 200லிருந்து 240 என்று போட்ட பெட்டியை 175 வோல்ட்டில் ஓட்டிவிட்டு அதைத் திட்டுவதில் நியாயமில்லை. புதிதாக வாங்குவதாக இருந்தால் "ஆக்டிவ் பிஎஃப்சி" உள்ள, 100லிருந்து 240 வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸாகக் கேளுங்கள். அதில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரை வெளி வோல்டேஜ் எவ்வளவு இருந்தாலும் ஒரே அளவில் நிரப்பிவைக்கும் ஏற்பாடு உண்டு. மேலே போட்ட நாலில் ஒரு பங்குக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

"யுபிஎஸ்தான் இருக்கே" என்பீர்கள். அந்த யுபிஎஸ்தான் அடுத்த சந்தேகம். வீட்டு உபயோக யுபிஎஸ் லைனிலிருந்து பேட்டரிக்கு மாற 4லிருந்து 10 மில்லி விநாடி எடுக்கும். 16 தாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது பொருட்டில்லை, 4 மட்டுமே தாங்கும் நிலையில் இருப்பதற்குப் பெரிய விஷயம். இரண்டு மூன்று வருஷமான பேட்டரி என்றால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மாறிய அடுத்த கணமே பேட்டரி படுத்துவிடும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சோதனை சுலபம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்பு ஐந்து நிமிஷமாவது எரிய வேண்டும். உடனே அணைந்தாலோ மங்கித் துடித்தாலோ பேட்டரி காலி. எல்இடி பல்பை வைத்துப் பார்த்தால் இது தெரியாது, அது இழுக்கும் கரண்ட் ரொம்பக் கம்மி.

இன்னொரு அறிகுறி, சிபியூவைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பது. எர்த் இல்லாத பாயின்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் உள் ஃபில்டர் வழியாகப் பெட்டியின் தகரத்துக்குப் பாதி வோல்டேஜ், அதாவது சுமார் 115 வோல்ட், மிகச் சிறிய கரண்டோடு வந்து நிற்கும். பாறை மண்ணில் எர்த் குழி சரியாக அமைவது கஷ்டம், கோடையில் காய்ந்தால் இன்னும் மோசம். எர்த் சரியில்லாத இடத்தில் பிரிண்டரையோ நெட் கேபிளையோ சொருகும்போது ரீபூட் ஆவது உண்டு. இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அடிக்கும் ஷாக் லேசாகத்தானே இருக்கிறது என்று விடவேண்டாம். எர்த் இல்லை என்பது வீட்டில் இருக்கும் எல்லாருக்குமான ஆபத்து.

ஒரு கண்டிப்பான வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். சந்தேகம் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை, எஸ்எம்பிஎஸ் எழுகிறது என்பதை மட்டுமே சொல்லும். சுமை தூக்குமா என்று சொல்லாது.

சூடு: கீழே இருப்பவர்களுக்கு

மலையில் கரண்ட் என்றால் போடியில் வெயில். ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்களில் சருகும் நார்த்தூசியும் பறந்துகொண்டே இருக்கும். அது பிராசஸர் ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் மெத்தை மாதிரிப் படியும். ஃபேன் சுற்றும், ஆனால் காற்று போகாது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அப்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். ஐந்தாறு வருஷமான கம்ப்யூட்டர் என்றால் பிராசஸர் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருக்கும், அதையும் புதிதாக வைத்துவிடலாம்.

சூடு இன்னொரு வழியில் மெதுவாகக் கொல்லும். எஸ்எம்பிஎஸ்ஸிலும் பழைய மதர்போர்டுகளிலும் இருக்கும் உருளை கெப்பாசிட்டர்களுக்குள் திரவம் உண்டு. 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும், 75ல் 16,000தான் வரும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு கம்ப்யூட்டரில் குளிர்ந்த அறையில் இருந்தது நீண்ட நாள் உழைப்பது இதனால்தான்.

கெப்பாசிட்டர் கெட்டால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒருமுறை பார்த்தது. 2000க்குப் பிறகு வந்த சில வருஷங்களில், தரமில்லாத திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் பல நிறுவனங்களின் மதர்போர்டுகளில் போய்ச் சேர்ந்தன. மேல்மூடி உப்பி, பழுப்பாகக் கசிந்து, கம்ப்யூட்டர்கள் காரணமில்லாமல் ரீபூட் ஆயின. ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களின் மதர்போர்டுகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. உங்களிடம் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் பக்கத் தகட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தால் அதுவே பதில், மற்ற சோதனை எதுவும் வேண்டாம்.

ரேமும் ஈரமும்

மறுபடி மலைக்குப் போவோம். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். மீதி நாலு கிலோ எங்கே போனது? நீராவியாக ஸ்டோருக்குள்ளும் அதைச் சுற்றியும் போனது. ஸ்டோரை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டரை வைத்தால் அந்த ஈரத்தில் ஒரு பங்கு அதற்கும் வரும். மழைக்காலத்து மூடுபனி வேறு. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் கொஞ்சம் சூடாகவே இருப்பதால் அதன்மேல் ஈரம் படியாது. பல நாள் அணைத்துப் போட்டுவிட்டு ஆன் செய்யும்போதுதான் சிக்கல். தூசியும் ஈரமும் சேர்ந்து ரேமின் பற்களில் படலமாக ஒட்டும். உள்ளே கதகதப்பு தேடி வரும் பல்லியும் எறும்பும் தனி. அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தால் சில சமயம் குற்றவாளி கருகிக் கிடப்பான்.

ரேமைக் கழற்றும் முன்பு சிபியூவின் வர்ணம் பூசாத தகரத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. மெதுவாகத் தேய்த்துத் துகளைத் தட்டிவிட்டால் அவசரத்துக்கு ஆகும். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும்.

பிறகு மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் கெட்டது. எந்த ரேமைப் போட்டாலும் அந்த ஸ்லாட்டில் மட்டும் வந்தால் மதர்போர்டு.

இந்த இடத்தில் போடிக்கே உரிய ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் ரேமில் ஒரு பிட் புரண்டுவிடலாம் என்று ஐபிஎம் ஆய்வாளர் ஜேம்ஸ் ஜீக்லரும் வில்லியம் லான்ஃபோர்டும் 1979லேயே காட்டினார்கள். உயரம் கூடக் கூட இந்தக் கதிர்களும் கூடும். போடிக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் குடைய 2015ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் அது நின்றுபோனதும் நமக்குத் தெரியும். அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இதே காஸ்மிக் கதிர்கள்தான். சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் அவற்றில் பெரும்பகுதி வடிகட்டப்படும்.

அப்படியானால் மலைமேல் கம்ப்யூட்டர் ரீபூட் ஆவதற்கு வானத்தைக் குற்றம் சொல்லலாமா? வேண்டாம். கூகுளின் சர்வர்களில் ரேம் பிழைகளை இரண்டரை வருஷம் கவனித்து பியான்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை வந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வானத்திலிருந்து எப்போதோ வந்து விழும் பிழைகள் அல்ல, ரேமிலேயே இருந்த நிரந்தரப் பழுதுகள் என்பதுதான் அவர்கள் கண்டது. ஒருமுறை பிழை காட்டிய ரேம் மறுபடியும் காட்டும். தினம் ரீபூட் ஆகும் கம்ப்யூட்டருக்குக் கதிர் காரணமாக இருக்க முடியாது.

எத்தனை நாள் காத்திருப்பது?

எதையோ ஒன்றை மாற்றினோம். இன்றைக்கு முழுக்க ரீபூட் ஆகவில்லை. சரியாகிவிட்டதா?

சராசரியாக நாளுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாத நேரங்களில் ரீபூட் ஆகும் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதையுமே சரிசெய்யாமல் விட்டாலும் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருப்பதற்கு 37 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் சும்மா இருக்க சுமார் 14 சதவீதம். மூன்று நாள் என்றால் 5 சதவீதம். அதனால் ஒரு எளிய விதி வைத்துக்கொள்ளலாம்: வழக்கமாக எவ்வளவு இடைவெளியில் ரீபூட் ஆகுமோ, அதைப்போல் மூன்று மடங்கு நேரம் சுத்தமாக ஓடினால்தான் சரியானது என்று நம்பவேண்டும். வாரம் ஒருமுறை வரும் கோளாறு என்றால் மூன்று வாரம். கடையில் அரை மணி ஓட்டிப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. இதனால்தான் கடைக்காரரால் முடியாததை வீட்டில் இருப்பவரால் செய்ய முடியும். அவரிடம் இல்லாத நாட்கள் உங்களிடம் இருக்கின்றன.

இதோடு சேர்ந்தது இன்னொரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமைத் துடைத்து, யுபிஎஸ்ஸை மாற்றி, தூசியும் தட்டிய அன்றைக்குச் சரியானால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஆரம்பத்திலிருந்து வரவேண்டும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் கீழே கொண்டுபோகத்தான் வேண்டும். அப்போது சிபியூவோடு அதன் பவர் கேபிளையும் முடிந்தால் யுபிஎஸ்ஸையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ஒரு தாளில் இவ்வளவும் எழுதிக் கொடுங்கள்:

1. கடைசி ஏழெட்டு ரீபூட்கள் நடந்த தேதியும் நேரமும். அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, லைட் மங்கியதா, மோட்டார் ஓடியதா.
2. தானே எழுந்ததா, அணைந்தே கிடந்ததா.
3. பயாஸ் திரையிலும் லினக்ஸிலும் ரீபூட் ஆனதா.
4. ஈவென்ட் வியூவரில் பக்செக் கோடு பூஜ்யமா, வேறு எண்ணா. நீலத் திரை வந்திருந்தால் அதன் போட்டோ.
5. சாயங்கால வோல்டேஜ் அளவுகள்.
6. யுபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவரில் மாட்டியபோது என்ன ஆனது.
7. முன்பக்க ரீசெட் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவைத்து ஓட்டியபோது என்ன ஆனது.
8. மெம்டெஸ்ட் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பிழை.

இந்தத் தாள் இருந்தால் "எஸ்எம்பிஎஸ் மாத்திப் பாக்கலாம், அப்புறம் ரேம் மாத்திப் பாக்கலாம், அப்புறம் போர்டு" என்று போகவேண்டிய அவசியமே வராது. அப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு புதுக் கம்ப்யூட்டரின் விலை ஆகியிருக்கும். தெரியாத வேலைக்குக் கடைக்காரரும் உத்தரவாதம் தரமுடியாது.

எட்டாவது வரி வரை எழுதிக்கொண்டு போகும்போது பெரும்பாலும் பதில் நடுவிலேயே தெரிந்துவிடும். ரீபூட்கள் எல்லாம் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள் என்றால், பக்செக் கோடும் பூஜ்யம் என்றால், யுபிஎஸ்ஸின் பல்பும் உடனே அணைந்தது என்றால், சிபியூவை ஜீப்பில் ஏற்றவே வேண்டாம். ஒரு பேட்டரி மேலே வந்தால் போதும்.